சித்தியின் போனுக்கு வந்த 43 மெசேஜ்: புற்றுநோய் ஃபார்வேர்டுகளைச் சரிபார்க்க ஒரு வழிகாட்டி

சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி (கட்டியில் துளி சதை எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட் வந்தது ஒரு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் போனை வாங்கிப் பார்த்தேன். மூன்று நாளில் 43 மெசேஜ். முள் சீத்தாப்பழம், கோதுமைப்புல் சாறு, கோமியம், சர்க்கரையை அடியோடு நிறுத்து, கீமோ போட்டுக்கொண்ட யாரும் பிழைத்ததில்லை, இந்த நம்பருக்குப் போன் செய். ஒருவர் தினமும் பால் குடிக்கச் சொன்னார். அடுத்த மெசேஜில் இன்னொருவர் பாலைத் தொடவே கூடாது என்றார். இரண்டு பேரும் சொந்த அத்தைமார்கள்.

அனுப்பிய 43 பேரில் ஒருவருக்குக்கூடக் கெட்ட எண்ணம் கிடையாது. அதனால்தான் இது சிக்கலான விஷயம். முகம் தெரியாதவர் வந்து கீமோவை நிறுத்தச் சொன்னால் நாம் கேட்க மாட்டோம். பெரியப்பா சொன்னால் கேட்போம்.

இந்தக் கட்டுரை அந்த மாதிரி நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கு. நான் மருத்துவன் இல்லை. சித்தியோடு ஒன்பது மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவன். அந்த ஒன்பது மாதத்தில் பழகிக்கொண்ட வேலை இது.

முதலில் நிலவரம் எவ்வளவு மோசம் என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் ஸ்கைலர் ஜான்சன் என்ற புற்றுநோய் மருத்துவரும் அவர் குழுவினரும் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மார்பகம், புராஸ்டேட், பெருங்குடல், நுரையீரல் ஆகிய நான்கு புற்றுநோய்களைப் பற்றிச் சமூக ஊடகங்களில் அதிகம் பரவிய ஆங்கிலக் கட்டுரைகளில் வகைக்கு 50 என்று 200 எடுத்து, அந்தந்தத் துறை நிபுணர்களிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். 32.5 சதவீதக் கட்டுரைகளில் தவறான தகவல் இருந்தது. அப்படித் தவறாக இருந்தவற்றில் 76.9 சதவீதம் நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடியவை. லைக், ஷேர், கமெண்ட் கணக்கில் பார்த்தால் சரியான கட்டுரைகளைவிடத் தவறானவைதான் அதிகம் வாங்கியிருந்தன. மூன்றில் ஒன்று தப்பு, அந்த ஒன்றுக்குத்தான் ஓட்டமும் அதிகம். தமிழில் இப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்தால் இதைவிட நல்ல முடிவு வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

படி 1: இதை நம்பினால் எதை விட்டுவிடுவேன்?

மெசேஜ் உண்மையா பொய்யா என்று ஆராய்வதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். எல்லா ஃபார்வேர்டையும் சரிபார்க்க யாருக்கும் நேரம் கிடையாது, அதற்குத் தேவையும் இல்லை. நான் மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வேன்.

முதல் வகை, நம்பினாலும் பெரிதாக எதுவும் கெட்டுப்போகாதது. காலையில் வெந்நீர் குடி, பச்சைக் காய்கறி சாப்பிடு, நட. புற்றுநோய் இதனால் குணமாகாது, ஆனால் சண்டை போடவும் வேண்டாம்.

இரண்டாம் வகை, உடம்புக்குள் போகிற எதுவும்: கஷாயம், பொடி, லேகியம், ஜூஸ் வைத்தியம், இறக்குமதி மாத்திரை. சாதாரண நாளில் இது பரவாயில்லாமல் இருக்கலாம். சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் வாயில் போகக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

மூன்றாம் வகை, நடக்கிற சிகிச்சையை நிறுத்தச் சொல்வது, தள்ளிப்போடச் சொல்வது, பரிசோதனைக்கே போகாதே என்பது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டால் பெண்பிள்ளைக்குக் குழந்தை பிறக்காது என்று சுற்றுகிற பொய்யும் இதில்தான் சேரும். இந்த வகைக்குத்தான் உங்கள் நேரம் முழுவதையும் செலவு செய்ய வேண்டும்.

ஏன் என்றால், இதே ஜான்சன் குழு 2018இல் இன்னோர் ஆய்வு செய்தது. வேறு உறுப்புக்குப் பரவாத, குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும், வழக்கமான சிகிச்சையே வேண்டாம் என்று மாற்று வைத்தியத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதே மாதிரி நோய் இருந்து வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்தரை மடங்குக்கும் மேல். சித்தியின் கட்டி அப்போது அந்தக் குணப்படுத்தக்கூடிய நிலையில்தான் இருந்தது. 43 மெசேஜில் ஏழு மூன்றாம் வகை.

படி 2: மெசேஜைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள்

ஒரு மெசேஜை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கும் கட்டாயம் வந்திருக்கும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் அப்போதைய இயக்குநர் ராஜேந்திர பட்வே சொன்னதாகத் தொடங்கும். தேங்காய்த் துண்டுகளை டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றினால் அது காரத்தன்மை கொண்ட நீராகிவிடும், அது புற்றுநோய் செல்களைக் கொன்றுவிடும், கிடைக்கிற ஒவ்வொருவரும் பத்துப் பேருக்கு அனுப்பினால் ஓர் உயிராவது பிழைக்கும். சில வடிவங்களில் தேங்காய்த் துண்டுக்குப் பதில் சூடான இளநீர்.

இதில் நான்கு பாகம் இருக்கிறது. ஒன்று, பெரிய பெயர். இரண்டு, வீட்டிலேயே இருக்கிற மலிவான பொருள். மூன்று, அறிவியல் மாதிரி ஒலிக்கிற ஒரு சொல். நான்கு, அனுப்பு என்ற கட்டளை. இந்த நான்கும் ஒரே மெசேஜில் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் மேற்கொண்டு படிக்கவே வேண்டியதில்லை. இருந்தாலும் படிப்போம்.

பெரிய பெயரைச் சரிபார்ப்பது சுலபம். அந்த மருத்துவமனையின் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். டாடா நினைவு மருத்துவமனை 2019இலேயே இது தங்கள் இயக்குநர் சொன்னது இல்லை என்று மறுப்பு வெளியிட்டுவிட்டது. மறுப்பு வந்தும் மெசேஜ் நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது மறுப்புக்குப் பல வருஷம் கழித்து.

அடுத்து, மெசேஜின் நடுவில் இருந்து வித்தியாசமான ஒரு வாக்கியத்தை மட்டும் காப்பி செய்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். இந்தத் தேங்காய் மெசேஜின் ஆங்கில வடிவத்தை அப்படித் தேடினால் வேடிக்கை தெரியும். அச்சு அசலாக அதே வாசகம், ஆனால் தேங்காய்க்குப் பதில் எலுமிச்சை, மும்பை இயக்குநருக்குப் பதில் பெய்ஜிங் ராணுவ மருத்துவமனைப் பேராசிரியர். இன்னொன்றில் அன்னாசிப்பழம். பழமும் ஆளும்தான் மாறியிருக்கிறார்கள், மற்றபடி கமா கூட மாறவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயரை மட்டும் மாற்றி அச்சடிப்பது மாதிரி.

அறிவியல் சொல்லுக்கு வருவோம். காரத்தன்மை. நம் ரத்தத்தின் பி.எச்., அதாவது அமில கார அளவு, 7.35 முதல் 7.45 வரை. நுரையீரலும் சிறுநீரகமும் ராத்திரி பகலாக வேலை செய்து அதை அந்தச் சின்ன இடைவெளிக்குள் வைத்திருக்கின்றன. நாம் குடிக்கிற தண்ணீர் முதலில் போய் விழுவது இரைப்பையின் அமிலக் குளத்தில். ஒரு டம்ளர் தண்ணீரால் ரத்தத்தின் காரத்தன்மை மாறிவிடும் என்றால் ரசம் சாப்பிட்ட அன்றைக்கு நாம் ஐ.சி.யூ.வில் இருக்க வேண்டும்.

இந்தக் காரத்தன்மைக் கதைக்கு ஆதாரமாக ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி பெயரை இழுப்பார்கள். புற்றுநோய்க்குக் காரணம் அமிலத்தன்மை என்று கண்டுபிடித்து 1931இல் நோபல் பரிசு வாங்கினார் என்று வரும். ஆள் நிஜம், வருஷம் நிஜம், பரிசு நிஜம். ஆனால் பரிசு கொடுக்கப்பட்டது செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது வேலை செய்கிற ஒரு நொதியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு. மூன்று உண்மைக்கு நடுவில் ஒரு பொய்யைச் செருகுவதுதான் இந்த மெசேஜ்களை எழுதுபவர்களின் கைவேலை.

கடைசியாக ஒரு சின்ன அடையாளம். வாட்ஸ்அப்பில் மெசேஜுக்கு மேலே இரண்டு அம்புக்குறி போட்டு, பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது என்று இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. உங்களுக்கு அனுப்பியவருக்கு அதை எழுதியவரைத் தெரியாது. ஆனால் அம்புக்குறி இல்லை என்பதால் நம்பிவிடவும் கூடாது. காப்பி செய்து புதிதாக ஒட்டி அனுப்பினால் அந்த அடையாளம் போய்விடும்.

படி 3: சொல்வது யார், அவருக்கு இதில் என்ன?

வீடியோவில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் எல்லாம் டாக்டர் இல்லை. டாக்டர் எல்லாரும் புற்றுநோய் டாக்டரும் இல்லை. பெயர் தெரிந்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் அல்லது தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் தேடலாம், இணையத்திலேயே இருக்கிறது. படிப்பைப் பாருங்கள்: அறுவைச் சிகிச்சை என்றால் எம்.சி.எச். புற்றுநோயியல், கீமோ தருபவர் என்றால் டி.எம். மருத்துவப் புற்றுநோயியல், ரேடியேஷன் என்றால் எம்.டி. கதிரியக்க சிகிச்சை. பல் டாக்டர் புற்றுநோய்க்கு டயட் சொன்னால் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

இப்போது இன்னொரு தலைவலி சேர்ந்திருக்கிறது. பிரபலமான மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் ஏ.ஐ. வைத்து ஒட்டி, அவர்கள் மருந்து விற்பது மாதிரி வீடியோ செய்கிறார்கள். உதட்டசைவு சரியாக இருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பதெல்லாம் இனி வேலைக்கு ஆகாது, நாளுக்கு நாள் சுத்தமாக வருகிறது. கடைசி 20 விநாடியைப் பாருங்கள். ஆர்டர் செய்ய நம்பரோ லிங்கோ வந்தால் அது விளம்பரம். நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டப்படி, புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே குற்றம். ஆகவே 100 சதவீதம் குணம், உத்தரவாதம் என்று எவராவது விளம்பரம் போட்டால் மருந்தைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிரபலங்கள் கதை தனி. 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தன் மனைவியின் நான்காம் நிலை மார்பகப் புற்றுநோய் எலுமிச்சைத் தண்ணீர், மஞ்சள், வேப்பிலை, சர்க்கரை இல்லாத உணவு என்ற பத்தியத்தில் சரியானதாகச் சொன்னார். இரண்டே நாளில் நாடு முழுக்கப் பரவியது. டாடா நினைவு மருத்துவமனையின் இயக்குநர் சி.எஸ். பிரமேஷ், அந்த மருத்துவமனையில் வேலை பார்த்த, பார்க்கிற 262 புற்றுநோய் மருத்துவர்கள் கையெழுத்திட்ட அறிக்கையை வெளியிட்டார்: இந்தப் பொருட்கள் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குத் தரமான ஆதாரம் இல்லை, இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த அம்மையார் அறுவைச் சிகிச்சையும் கீமோவும் எடுத்துக்கொண்டவர் என்பதையும் பிரமேஷ் சுட்டிக்காட்டினார். பிறகு சித்துவும் டாக்டர்களின் சிகிச்சையோடு சேர்த்துத்தான் அந்த உணவு என்று விளக்கம் சொன்னார். எங்கள் குடும்பக் குரூப்புக்கு முதல் வீடியோ நாலு தடவை வந்தது. விளக்க வீடியோ ஒரு தடவையும் வரவில்லை.

நான் குணமானேன் என்று யாராவது சொல்லும்போது கேட்க வேண்டியவை: எந்தப் புற்றுநோய், எந்த நிலை, பயாப்ஸியில் உறுதியானதா, கூடவே என்ன சிகிச்சை நடந்தது, குணம் என்று சொன்னது யார், எத்தனை வருஷம் ஆயிற்று. நோயே இல்லாமலும் சிலர் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன் என்ற பெண் மூளைப் புற்றுநோயை உணவாலேயே சமாளிப்பதாகச் சொல்லி இன்ஸ்டாகிராமில் கூட்டம் சேர்த்தார். ஆப், சமையல் புத்தகம் எல்லாம் வந்தது. 2015இல் தனக்கு அந்த நோய் இருந்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டார். 2017இல் நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

சரிபார்க்கப்பட்ட கணக்கு, பெரிய பத்திரிகையில் செய்தி என்பதும் போதாது. 2024 பிப்ரவரி 2ஆம் தேதி நடிகை பூனம் பாண்டே கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவருடைய சொந்த இன்ஸ்டாகிராம் கணக்கிலேயே பதிவு வந்தது. பெரிய ஊடகங்கள் எல்லாம் செய்தி போட்டன. மறுநாள் அவரே வந்து, உயிரோடுதான் இருக்கிறேன், விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். அவசரப்படாமல் ஒரு நாள் காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

படி 4: ஆய்வில் நிரூபணம் என்றால், யார் மேல் செய்த ஆய்வு?

கொஞ்சம் பொறுமை வேண்டிய படி இது. ஆனால் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பாதி ஃபார்வேர்டு தானாக உதிர்ந்துவிடும்.

முள் சீத்தாப்பழம் கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி வாய்ந்தது என்று வரும். சித்திக்கு மட்டும் ஆறு பேர் அனுப்பினார்கள். அந்தப் பத்தாயிரம் ஆகாயத்தில் இருந்து வரவில்லை. அந்தத் தாவரத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்மத்தை ஆய்வகத் தட்டில் இருந்த செல்கள் மீது சோதித்த முடிவிலிருந்து வந்தது. தட்டில் பினாயிலை ஊற்றினாலும் புற்றுநோய் செல் சாகும். மருந்தின் சவால் அது இல்லை. வாய்வழியாகப் போய், செரிமானத்தைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, கட்டி இருக்கும் இடத்துக்குப் போதுமான அளவில் போய்ச் சேர்ந்து, பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் தாக்க வேண்டும். முள் சீத்தா அதைச் செய்யும் என்று மனிதர்களிடம் காட்டிய தரமான ஆய்வு இல்லை. மாறாக, கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் நிறையச் சாப்பிடுகிறவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்பு நோய் அதிகம் இருப்பதாக 1999இல் ஆய்வு வந்தது. பழத்தை எப்போதாவது சாப்பிடுகிறவர் பயப்பட வேண்டாம். தினம் இரண்டு வேளை இலைக் கஷாயம் என்று உட்காருபவர் யோசிக்க வேண்டும்.

உடனே மூலிகைக்கே எதிரி என்று என்னை நினைத்துவிடாதீர்கள். நம் வாசலில், கோயில் நந்தவனத்தில், கல்லறையில் எல்லாம் பூத்துக் கிடக்கிற நித்தியகல்யாணி இருக்கிறதே, அதிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் வந்தன. 1950களில் கனடாவில் அந்தச் செடியைச் சர்க்கரை நோய்க்காக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, சோதனை விலங்குகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த வழியில் போய்ப் பிடித்தார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் வின்கிறிஸ்டின் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், அதையும் மில்லிகிராம் கணக்கில் அளந்து நரம்பில் ஏற்றுகிறார்கள். வாசல் செடியின் இலையை அரைத்துக் குடித்தால் அது வெறும் விஷம்.

ஆக, ஆய்வு என்று வந்தால் வரிசையாகக் கேளுங்கள். தட்டில் செல்லா, எலியா, மனிதரா? மனிதர் என்றால் எத்தனை பேர்? எந்தப் புற்றுநோய், எந்த நிலை? ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா? கட்டி சுருங்கியதைப் பார்த்தார்களா, ஆள் கூடுதலாக வாழ்ந்ததைப் பார்த்தார்களா?

உண்மையான செய்திக்கும் இந்தக் கேள்விகள் வேண்டும். 2022 ஜூனில் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று, 100 சதவீத வெற்றி என்று ஒரு செய்தி ஓடியது. பொய் இல்லை. நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தைக் கொடுத்த 12 மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கும் கட்டி மறைந்தது. பிரமாதமான முடிவு. ஆனால் அவர்கள் எல்லாரும் கட்டியில் மரபணுப் பழுதுநீக்கக் குறைபாடு என்ற தனி அடையாளம் இருந்தவர்கள். மலக்குடல் புற்றுநோயாளிகளில் அப்படி இருப்பவர்கள் 100க்கு 5 முதல் 10 பேர்தான். எங்கள் தெருவில் ஒருவர் இந்தச் செய்தியை நம்பி நுரையீரல் புற்றுநோய்க்கு அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். 2024 டிசம்பரில் ரஷ்யா புற்றுநோய்த் தடுப்பூசியை இலவசமாகத் தரப்போகிறது என்று வந்ததும் இப்படித்தான். தடுப்பூசி என்ற சொல்லைப் பார்த்து, போட்டுக்கொண்டால் புற்றுநோயே வராது என்று படித்தார்கள். அறிவிக்கப்பட்டதோ, ஏற்கெனவே நோய் வந்தவருக்கு அவரவர் கட்டிக்கு ஏற்ப தயாரிக்கும் சிகிச்சை ஊசி.

இந்தியாவில் மனிதர்களிடம் நடக்கிற மருந்துச் சோதனைகளை 2009இலிருந்து இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். எங்கள் மருந்துக்குச் சோதனை நடக்கிறது என்று யாராவது சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் பேச்சு மாறும்.

படி 5: சதவீதத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகரிக்கும். இது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் சொன்னது, சரியான தகவல்தான். ஆனால் 100 பேரில் 18 பேருக்கு வரும் என்று படிக்கக் கூடாது. ஓர் ஊரில் 100 பேரில் 5 பேருக்கு வாழ்நாளில் அந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் கூடினால் அது ஏறக்குறைய 6 பேர். எதிலிருந்து எவ்வளவு கூடியது என்பதைச் சொல்லாத சதவீதம் அரைத் தகவல்.

அதே முகமை பொருட்களைப் பிரிவு பிரித்து வைத்திருக்கிறது. புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் முதல் பிரிவில் புகையிலையும் இருக்கிறது, பதப்படுத்திய இறைச்சியும் இருக்கிறது. உடனே, சாசேஜும் சிகரெட்டும் ஒன்று என்று மீம் வரும். அந்தப் பிரிவுகள் சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை இல்லை. 2023இல் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பை, தரக்கூடும் ஆனால் உறுதியில்லை என்ற 2பி பிரிவில் போட்டபோதும் பெரிய கூச்சல். அதே நேரத்தில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும் போகலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட டயட் குளிர்பானம் தினம் ஒன்பது கேனுக்கு மேல் குடிக்க வேண்டும்.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம். புகையிலை சேர்க்காத வெறும் பாக்குக்கூட 2004 முதல் அந்த முதல் பிரிவில் இருக்கிறது. மைக்ரோவேவ், பிளாஸ்டிக் டப்பா, போன் டவர் என்று எனக்கு வராத எச்சரிக்கை இல்லை. பாக்கைப் பற்றி ஒரு ஃபார்வேர்டுகூட வந்ததில்லை. அனுப்புகிறவர் வாயிலேயே அது இருப்பதால் இருக்கலாம்.

படி 6: பாதி உண்மைகள்

முழுப் பொய்யைவிட இவைதான் கஷ்டம். இரண்டைப் பார்ப்போம்.

சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும். புற்றுநோய் செல் குளுக்கோஸை அதிகம் இழுக்கும் என்பது உண்மை, புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே அதை வைத்துத்தான். ஆனால் உடம்பில் எல்லாச் செல்லுக்கும் குளுக்கோஸ் வேண்டும். நீங்கள் சர்க்கரையை நிறுத்தினால் உடம்பு புரதத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் அதைத் தயாரித்துக்கொள்ளும். இனிப்பைக் குறைப்பது நல்ல பழக்கம், யாரும் மறுக்கவில்லை. கீமோவின் நடுவில் சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் நிறுத்தி எடை குறைந்துபோனால் அடுத்த டோஸைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்காது. சித்திக்கு இரண்டாவது கீமோவுக்குப் பிறகு வாயில் எதுவுமே போகாமல் இருந்த வாரத்தில் அவர் விரும்பிக் கேட்டது பால் ஐஸ். டாக்டரிடம் கேட்டோம். உடனே வாங்கிக் கொடுங்கள் என்றார்.

கத்தி பட்டால் பரவிவிடும், பயாப்ஸி எடுக்காதே. எங்கள் பக்கத்தில் இது ஃபார்வேர்டுக்கும் முந்தியது, பாட்டி காலத்துப் பேச்சு. அறுத்த பிறகு இறந்தவரைப் பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்தில் முற்றிய பிறகுதான் அறுக்கவே போனார்கள் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. 2015இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2,000க்கும் மேற்பட்ட கணையப் புற்றுநோயாளிகளை வைத்துப் பார்த்ததில், ஊசி பயாப்ஸி எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட மோசமாகவில்லை. விரைக் கட்டி மாதிரி சில இடங்களில் ஊசி குத்தாமல் நேராக அறுவைச் சிகிச்சைக்கே போவார்கள். அது டாக்டருக்குத் தெரிந்த கணக்கு. பயாப்ஸி இல்லாமல் அது எந்த வகைக் கட்டி என்றே தெரியாது, வகை தெரியாமல் மருந்து கிடையாது.

படி 7: எங்கே போய்ப் பார்ப்பது?

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம், பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யூகே ஆகிய இரண்டின் பக்கங்களும் நோயாளிகளுக்காகவே எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. மூலிகை, ஊட்டச்சத்து மாத்திரை என்றால் நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் அபவுட் ஹெர்ப்ஸ் பட்டியலுக்கு நேராகப் போங்கள். மஞ்சளில் ஆரம்பித்து அமுக்கராக் கிழங்கு வரை, என்ன ஆதாரம், எந்த மருந்தோடு மோதும் என்று இருக்கும். அமுக்கராவுக்கு அங்கே அஸ்வகந்தா என்று தேட வேண்டும். நம் நாட்டுச் சிகிச்சை நெறிமுறைகளுக்கு டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்ட தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பின் பக்கம். தமிழில் சுற்றுகிற வதந்திக்கு யூடர்ன் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்கள். தமிழ்நாட்டில் 104க்கு அழைத்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

ஆங்கிலம் வராதவர்கள் பிரவுசரில் மொழிபெயர்த்துப் படிக்கலாம், ஆனால் மருந்தின் பெயரையும் அளவையும் மொழிபெயர்ப்பை நம்பி எடுக்காதீர்கள். ஏ.ஐ.யிடம் கேட்பவர்கள் பதிலோடு ஆதாரத்தையும் கேட்டு, அந்த ஆதாரத்தைத் திறந்து பாருங்கள். இல்லாத ஆய்வை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு.

படி 8: டாக்டரிடம் மறைக்காதீர்கள்

நாங்கள் செய்த தப்பு இது. மூன்றாவது கீமோவுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் சித்தியின் கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன. கீமோ பத்து நாள் தள்ளிப்போனது. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது ஒன்றும் இல்லை என்றார் சித்தி. வெளியே வந்து நர்ஸ் அக்காதான் மெதுவாகப் பேச்சுக் கொடுத்து வாங்கினார். யாரோ கொடுத்த பொடியை மூன்று வாரமாகச் சாப்பிட்டிருக்கிறார். டாக்டர் திட்டுவார் என்று பயம். பொடிதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை, கீமோவாலும் ஏறலாம். அது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் போனதுதான் நஷ்டம். சீந்தில் கொடி சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை இந்தியக் கல்லீரல் மருத்துவர்கள் 2021, 2022இல் ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். இயற்கையானது என்பதால் கல்லீரல் சும்மா விடாது.

ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். சாப்பிடுகிற எல்லாவற்றையும் எழுதுங்கள், பொட்டலத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டரிடம் இது சரியா என்று கேட்டால் அவசரத்தில் வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், வீட்டில் இதைச் சாப்பிடச் சொல்கிறார்கள். இப்போது போகிற மருந்தோடு இது மோதுமா? கீமோ முடிந்த பிறகு சாப்பிடலாமா?" இந்தக் கேள்விக்கு நிஜமான பதில் வரும். கூட்டம் அதிகமான அரசு ஆஸ்பத்திரியிலும் வரும், நான் பார்த்திருக்கிறேன். டாக்டருக்கு நேரம் இல்லை என்றால் மருந்தாளுநரையோ நர்ஸையோ பிடியுங்கள்.

படி 9: அனுப்பியவருக்கு என்ன சொல்வது?

முதலில் நான் குரூப்பிலேயே சண்டை போட்டேன். பெரியப்பா தேங்காய்த் தண்ணீர் மெசேஜ் போட்டதும், கீழேயே இது பொய் என்று டாடா மருத்துவமனையின் மறுப்பைப் போட்டேன். பெரியப்பா குரூப்பை விட்டுப் போய்விட்டார். இரண்டு வாரம் பேச்சு இல்லை. சித்திதான் சமாதானம் செய்தார், அவருக்கு இருந்த வேலைக்கு நடுவில் இது வேறு.

அப்புறம்தான் முறையை மாற்றினேன். தனியாகப் பேச வேண்டும், போனில் என்றால் இன்னும் நல்லது. பெரியவர் என்றால் கேள்வியாகப் போட வேண்டும். "பெரியப்பா, சித்திமேல் இருக்கிற அக்கறையில்தான் அனுப்பினீங்க, எனக்குத் தெரியும். இதை எழுதினது யாருன்னு உங்களுக்கு அனுப்பினவருக்குத் தெரியுமா?" என்றேன். தெரியாது என்றார். "சித்தி இதைப் படிச்சுட்டுக் கீமோ வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றது?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நான் அப்படிச் சொல்லலையேப்பா" என்றார். அதோடு, அவருக்கு வேறு வேலை கொடுத்தேன். செவ்வாய்க்கிழமைகளில் ரத்தப் பரிசோதனைக்குச் சித்தியை அழைத்துப் போவது. உதவ வழி தெரியாதவர்கள்தான் ஃபார்வேர்டு அனுப்புகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நோயாளியின் போனையும் கவனியுங்கள். சித்தியிடம் கேட்டுக்கொண்டு குரூப்புகளை மியூட் செய்தேன். மருத்துவம் சம்பந்தமாக எது வந்தாலும் எனக்கு அனுப்பிவிடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன் என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே மெசேஜ் போட்டேன். மூன்று வகைகளையும் அதில் எழுதியிருந்தேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். பலருக்கு நிம்மதியாக இருந்தது என்று பிறகு தெரிந்தது.

சித்திக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்குப் போகிறார். பெரியப்பா குரூப்புக்குத் திரும்பிவிட்டார். நேற்று ராத்திரி பத்தரைக்கு அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு வீடியோ வந்தது, கருஞ்சீரகத் தண்ணீர் பற்றி. இரண்டு அம்புக்குறி. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "தம்பி, இது எத்தனாம் வகை?"